பணக்காரனுக்கு எத்தனை பெயர்!

1974-ம் வருஷம் என்னுடைய நாவல் ஒன்று புத்தகமாக வந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாகர்கோவிலில் நான் குடியிருந்த வீட்டின் படிப்புரையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கலாம். சலவை வேட்டி, சலவைச் சட்டை, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. மழைக்காலமும் அல்ல, வெயிலும் இன்னும் ஏறவில்லை. இந்த மனிதர் குடையை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். துணிப்பையிலிருந்து என் நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு பஸ் டிக்கட்டு அடையாளமாகச் செருகியிருந்தது.

"தம்பி, எனக்கு இவ்வளவு பெரிய பொஸ்தகம் படிக்கப் பொறுமை கிடையாது. மக காலேஜிலே படிக்கா. அவதான் படிச்சுக் காட்டினா. இதிலே வாழைக்குலைக் கடைக்காரன் ஒருத்தன் வாறான் இல்லியா?"

"வருகிறார், அண்ணாச்சி. ஆனால் அது கற்பனைப் பாத்திரம்..."

"கற்பனையாவே இருக்கட்டும். நான் சண்டைக்கு வரல்லே. அவன் வந்த உடனே 'புதுப் பணக்காரன்'னு எழுதியிருக்கீங்க. ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எங்க அப்பா கடை போட்டது முப்பத்தொன்பதிலே. அதுக்கு முன்னே தலைச்சுமடு. ஆச்சு, முப்பத்தஞ்சு வருஷம். ஒரு மனுஷன் எத்தனை வருஷம் புதுப் பணக்காரனா இருக்கணும்? பழைய பணக்காரன் ஆகதுக்கு ஏதாம் கணக்கு உண்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேலியாகவும் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. வியாபாரிகளுக்கே உரிய முறையில், ஒரு சரக்கின் விலையை விசாரிப்பதுபோல் விசாரித்தார். காப்பி கொண்டுவந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். அவர் வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. பணக்காரனுக்கு நம் பாஷையில் எத்தனை பெயர், அவற்றை யாருக்கு வைக்கிறோம், யாருக்கு வைக்க மறுக்கிறோம் என்று அன்றுமுதல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் எழுதிய முதல் கதையில் ஒரு ஜமீன்தார் வந்தார். பட்டு அங்கவஸ்திரம், வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, பங்களா, கார், மனசு உடைந்த ஒரே மகள், எல்லாம் இருந்தன. தமிழ் வாத்தியார் கதையைப் படித்துவிட்டு, "ஏடே, தோவாளைத் தாலுகாவிலே எந்த ஊரிலே ஜமீன் இருக்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் கேட்டது நியாயம். ஜமீன் என்பது பாரசீகச் சொல். நிலம் என்று அர்த்தம். நிலத்தை வைத்திருப்பவர் ஜமீன்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் பாளையங்களை அடக்கிய பிறகு, திருநெல்வேலிச் சீமையில் எஞ்சிய பாளையக்காரர்களை 1803-ம் வருஷத்து ஏற்பாட்டில் ஜமீன்தார்களாக ஆக்கினார்கள். அந்த ஏற்பாடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்தோடு நின்றது. இந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம். நாஞ்சில் நாட்டுக்கு ஜமீன்தார் வந்ததெல்லாம் சினிமாக் கொட்டகை வழியாகவும் பத்திரிகைக் கதைகள் வழியாகவும்தான். 1948-ல் சென்னை ராஜதானியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலத்திலிருந்து ஒழிந்த ஜமீன்தார் கதைகளிலிருந்து ஒழிவதற்கு அதற்குமேல் இன்னும் இருபது வருஷம் பிடித்தது.

தஞ்சாவூர்க் கதைகளில் வருகிற மிராசுதாரும் எங்களுக்கு விருந்தாளிதான். மிராசு என்பது அரபியிலிருந்து வந்தது, பரம்பரைச் சொத்து என்று பொருள். சொத்து அவனாகத் தேடியது அல்ல, பாட்டன் பூட்டன் வழி வந்தது என்பதை அந்தப் பட்டமே சொல்லிவிடுகிறது. எங்கள் மேற்குப் பக்கத்தில் ஜென்மி என்பார்கள். அவர் இன்னும் ஒரு படி மேலே போனவர். பிறப்பாலேயே நிலத்துக்கு உரியவர். 1865-ல் திருவிதாங்கூர் அரசு பண்டாரவகை நிலங்களைப் பயிரிட்டவர்களுக்கே உரிமையாக்கி விளம்பரம் செய்தது. 1867-ல் ஜென்மிக்கும் குடியானவனுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்னொரு விளம்பரம் வந்தது. அதற்கு முன் ஆண்டாண்டு காலமாக உழுதவனுக்கு அந்த மண்ணோடு உள்ள சம்பந்தத்தைச் சொல்ல பாட்டக்காரன், ஒற்றிக்காரன் என்ற பெயர்கள்தாம் இருந்தன.

நாஞ்சில் நாட்டுக்கு உரிய பெயர் பண்ணையார். ஆனால் அதையும் எல்லாரும் எல்லாரிடமும் உபயோகிப்பதில்லை. வேலைக்காரன் சொல்வான், வெளியூர்க்காரன் சொல்வான். ஊருக்குள் சமமானவர்கள் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. என் ஆச்சி ஒருவரைப் பற்றிப் பேசும்போது பணக்காரன் என்றோ செல்வந்தர் என்றோ சொல்லவே மாட்டாள். "அவனுக்குப் பத்துக் கோட்டை வெதப்பாடு உண்டு" என்பாள். கோட்டை என்பது இருபத்தொரு மரக்கால் நெல். எவ்வளவு விதை விதைக்கலாமோ அதுவே நிலத்தின் அளவு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைகிற வயலா, ஒரு பூவா, குளத்தின் மடையடியா, கடைவரம்பா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அதோடு பேச்சு முடிந்தது. ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. வயலைப் பற்றித்தான் பேச்சு. 'உண்டு' என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆச்சியின் வாயில் வருகிற இன்னொரு வார்த்தை 'பெரிய வீடு.' நாஞ்சில் நாட்டில் இது வெறும் உபசார வார்த்தை அல்ல. அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்துக்கே பெரியவீட்டு முதலியார் என்றுதான் பெயர். வேணாட்டு அரசர்களின் காலத்திலிருந்து அந்த வீட்டில் சேர்ந்த ஓலைச்சுவடிகள் முதலியார் ஓலைகள் என்று சரித்திர ஆராய்ச்சிக்காரர்களிடையே பிரசித்தம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவிஞராக மட்டும் இருக்கவில்லை, கல்வெட்டும் ஓலையும் தேடிப் படித்தவர். இந்த ஓலைகளின் அருமையை உணர்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். நிலம் கைமாறியது, வரி கட்டியது, ஊர் வழக்குத் தீர்ந்தது என்று அவற்றில் பல சங்கதிகள். மனிதரை மனிதர் விற்று வாங்கிய கணக்கும் அவற்றில் உண்டு. பெரிய வீட்டின் பெருமையைச் சொன்ன அதே ஓலைக்கட்டில்தான் அதுவும் கிடந்தது.

பெரிய வீட்டைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரிய வீட்டில் பிறந்தவன் பணக்காரனாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அந்நாளில் மருமக்கள் வழி. தகப்பன் சொத்து மகனுக்கு அல்ல, அவனுடைய சகோதரியின் மகனுக்கு. குடும்பத்தை ஆள்பவருக்குக் காரணவர் என்று பெயர். பத்தாயச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். நூறு கோட்டை நெல் அவர் கண் எதிரில் அளந்து உள்ளே போகும். ஆனால் சட்டப்படி அது குடும்பத்துச் சொத்து, அவர் அதற்கு மேல்பார்வைக்காரர். அவர் கண் மூடினால் மருமகன் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு. அதையும் வழக்காடித்தான் வாங்கவேண்டியிருக்கும். நேற்றுவரை பெரிய வீட்டுப் பிள்ளை என்று ஊரே அழைத்த பையன், தகப்பனுக்குப் பதினாறு கழிந்த மறுநாள் தாயையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவான்.

கவிமணி எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்தக் கொடுமையைப் பற்றியதுதான். ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாய்மொழியாக அது அமைந்திருக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வரும், மூடிவைத்த பிறகு வயிற்றைப் பிசையும். ஊர் முழுவதும் அதைப் படித்துச் சிரித்தது, சிரித்துச் சிரித்து வெட்கமும் பட்டது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்களுக்கு உரிமை பிறந்தது. என் பாட்டா அதற்கு மூன்று வருஷங்களுக்கு முந்தியே காலமாகிவிட்டார். ஆச்சி ஒரு கையில் என் தகப்பனாரையும் மறு கையில் ஒரு செம்புப் பானையையும் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டை விட்டு வெளியே வந்தாளாம். அதற்குப் பிறகும் ஊரில் அவளைப் பெரிய வீட்டு ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். கடன் கேட்கப் போன இடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "பேரு கூடவே வந்துட்டு மக்கா, நெல்லுதான் வரல்லே" என்பாள். அவள் ஏன் ஆளுக்குப் பட்டம் சூட்டாமல் 'உண்டு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டாள் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

இனிப் பணக்காரனுக்கு வருவோம். இந்தச் சொல் இன்று எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் பணம் என்பது ஆதியில் ஒரு நாணயத்தின் பெயர். திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டுச் சக்கரமும் எட்டுக் காசும் கொடுக்கவேண்டும். நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்குப் போகிறவன் காசை மாற்றும்போதே இரண்டு ராஜ்யங்களின் அந்தஸ்து வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வான். 1949-ல் சமஸ்தானங்கள் இணைந்ததோடு சக்கரத்தின் ராஜ்யமும் முடிந்தது. ஆனால் கிழவர்கள் விடவில்லை. "அவன் கையிலே சக்கரம் உண்டு" என்று அதன் பிறகும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துட்டு என்ற சொல்லின் கதை இதைவிட ருசியானது. டச்சுக்காரர்களுக்கு டொய்ட் என்று ஒரு செப்புக்காசு இருந்தது. அதுதான் நம் வாயில் துட்டு ஆயிற்று. 1741-ம் வருஷம் ஆகஸ்டு 10-ம் தேதி எங்கள் குளச்சலில் மார்த்தாண்டவர்மா மகாராஜா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாய் துரை பிறகு மகாராஜாவிடமே வேலைக்கு அமர்ந்து, படையைப் பழக்கி, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். டச்சுக்காரன் பீரங்கியை இழந்தான், துறைமுகத்தை இழந்தான், தளபதியையும் இழந்தான். அவன் செப்புக்காசின் பெயர் மட்டும் ஜெயித்தவன் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் துட்டுக்காரன் என்றால் அதில் ஒரு சின்ன இளக்காரம் தொனிக்கும். நெல் வைத்திருப்பவனைத் துட்டுக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. கடை வைத்தவன், வட்டிக்குக் கொடுத்தவன், கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவன், இவர்கள்தாம் துட்டுக்காரர்கள். 1970-க்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கும் இந்த வரிசையிலேதான் இடம் கிடைத்தது.

கடைக்காரருக்கு மரியாதையாக ஒரு பெயர் வேண்டுமானால் முதலாளி. முதல் போட்டவர் என்ற நேர் அர்த்தம். கோட்டாற்று வியாபாரத்திலும் மேற்குத் தாலுகாக்களின் முந்திரி ஆபீசுகளிலும் இந்தச் சொல் ஓயாமல் ஒலிக்கும். தமிழ் வியாபாரிகளோடு கப்பலேறி இலங்கைக்குப் போய், அங்கே சிங்களவர்களும் தங்கள் கடைக்காரரை முதலாளி என்றே அழைக்கும்படி ஆகிவிட்டது. கௌரவமான சொல்தான். ஆனால் அதைச் சொல்கிறவன் யார் என்று பாருங்கள். கூலிக்காரன் சொல்வான், கடைப் பையன் சொல்வான், கடன் கேட்க வந்தவன் சொல்வான். பெரிய வீட்டுக்காரர் சாமான் வாங்க வந்தால் கடைக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரே மனிதருக்கு ஒரே நாளில் கடையில் முதலாளி என்று பெயர், தெருவில் துட்டுக்காரன் என்று பெயர், கோவில் திருவிழாவுக்கு நன்கொடை வசூலிக்க வருகிறபோது 'தங்களைப் போன்ற கனவான்கள்' என்று பெயர்.

கனவான், தனவான், சீமான், பிரபு என்றெல்லாம் ஒரு வரிசை உண்டு. இவை பேச்சில் வருவதில்லை. அழைப்பிதழிலும் வாழ்த்து மடலிலும் மட்டும் குடியிருப்பவை. அவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எஜமான் என்ற சொல் அப்படியல்ல. வடமொழியில் யஜமானன் என்றால் யாகம் செய்விப்பவன், தட்சிணை கொடுக்கிறவன். கொடுப்பதால் வந்த பெயர். அதுவே எங்கள் பக்கத்தில் தேய்ந்து ஏமான் ஆகி, நிலக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் ஒன்றுபோல் வழங்கிற்று. கொடுக்கிறவன் என்ற அர்த்தம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பயப்படவேண்டியவன் என்ற அர்த்தம் மட்டும் வந்து சேர்ந்தது.

பணக்காரன் தன்னைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களில் ஒன்றையும் தொடமாட்டான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "என்னவோ, கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்பார் நூறு கோட்டைக்காரர். தாசில்தார் வந்திருக்கும்போது அந்தக் கஞ்சி இன்னும் கொஞ்சம் நீர்த்துப்போகும். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று கோடு போட்டது. 1970-ல் அது பதினைந்தாகக் குறைந்தது. அதற்குப் பிறகு பண்ணையார் என்று கூப்பிட்டால் சிலர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்கள். இந்த அடக்கம் நம்முடைய நாகரிகம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய புத்தகத்தைப் படிக்கிறவரைக்கும் அப்படி நினைத்தேன்.

சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் திருவிதாங்கூரில் பல வருஷம் வேலை பார்த்தவர். இந்த ராஜ்யத்துக்குத் தர்மபூமி என்று ஒரு பெயர் உண்டு. அதையே தலைப்பாக வைத்து 1871-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அடிமைகளாக இருந்த புலையர்கள் மேல்சாதிக்காரர் முன்னால் எப்படிப் பேசவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். நான் என்று சொல்லக்கூடாது, அடியேன் என்று சொல்லவேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்று சொல்லவேண்டும். தன் வீட்டைக் குடிசை என்றும், தன் பிள்ளைகளைக் குரங்கு என்றும் கன்று என்றும் சொல்லவேண்டும். 1855-ல் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பதினாறு வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் இந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கஞ்சிக்கு வேறொரு ருசி இருப்பது எனக்கு உறைத்தது. நிலக்காரன் தன் சோற்றைக் கஞ்சி என்று சொன்னால் அதற்குப் பெயர் அடக்கம். அடிமை தன் சோற்றைச் சோறு என்று சொன்னால் அதற்குப் பெயர் திமிர். ஒருவன் இருப்பதை இல்லை என்று சொல்லிப் புகழ் வாங்கினான். இன்னொருவன் இருக்கிற கொஞ்சத்தையும் அதன் பெயரால் சொல்ல முடியாமல் இருந்தான். பெயர் சொல்லும் உரிமையும் ஒரு சொத்துத்தான் போலிருக்கிறது. அதற்குப் பட்டா கிடையாது, ஆனால் பரம்பரை பரம்பரையாக வந்தது.

இதே புத்தகத்தில் பனையேறிகளைப் பற்றியும் வருகிறது. அவர்கள் குடை பிடிக்கக்கூடாது. செருப்புப் போடக்கூடாது. பொன்நகை அணியக்கூடாது. மாடி வைத்து வீடு கட்டக்கூடாது. அவர்களுடைய பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. மாராப்புப் போடும் உரிமைக்காக அந்தப் பெண்கள் நடத்திய போராட்டம் நாற்பது வருஷத்துக்கு மேல் நீண்டு, 1859-ல் மகாராஜாவின் விளம்பரத்தில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. இதற்கு நடுவில் சாமித்தோப்பில் வைகுண்ட சுவாமி தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். ஒரு முழத் துணி தலையில் ஏறுவது அந்நாளில் எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தத் தடைகளின் ஜாபிதாவைப் படித்தால்தான் தெரியும். இந்தச் சட்டதிட்டங்களின் நடுவில் ஒருவன் பாடுபட்டு நாலு காசு சேர்த்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் அதை என்ன செய்ய முடியும்? வீடு உயரக்கூடாது; காதில் பொன் மின்னக்கூடாது; மழையில் குடை விரியக்கூடாது. பணம் இருக்கலாம், பணக்காரனாக இருக்கக்கூடாது!

இப்போது ஒரு பழமொழியை நினைத்துப் பாருங்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். ராத்திரியில் வெயிலா, மழையா, எதற்குக் குடை, மூடன் என்று சிரிக்கிறோம். பகலில் குடை பிடித்தால் அடி விழும் என்ற ஊரில், குடை வாங்கியவன் வேறு எப்போது அதைப் பிடித்துப் பார்ப்பான்? ஊர் உறங்கிய பிறகு தன் வீட்டு முற்றத்தில் ஒரு தடவை விரித்துப் பார்க்க ஆசை இருந்திருக்காதா? இந்தப் பழமொழி பிறந்த கதை இதுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. பழமொழிகளுக்கு ஜாதகம் கிடையாது. ஆனால் எங்கள் மண்ணில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் யார், சிரிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

புதுப் பணத்தைப் பரிகசிப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவைச் சுரண்டி மூட்டை கட்டிக்கொண்டு போன வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்தில் மாளிகை வாங்கினார்கள். அங்கிருந்த பரம்பரைப் பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. நம்முடைய நவாப் என்ற சொல்லை நபாப் என்று திரித்து அவர்களுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். 1772-ல் சாமுவேல் பூட் என்பவர் அந்தப் பெயரிலேயே நாடகம் போட்டு லண்டனைச் சிரிக்கவைத்தார். பணம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. ஆனால் பணம் எப்போது வந்தது என்பதும் அவர்களை உறுத்திற்று. பழைய பிரபுவின் பாட்டனுக்குப் பாட்டன் யாரைச் சுரண்டினான் என்பது காலத்தில் மறைந்துபோயிற்று. பழைய பணம் என்றால் வந்த வழி மறந்துபோன பணம். அவ்வளவுதான் கணக்கு.

குலைக்கடை அண்ணாச்சியின் கேள்விக்கு அன்றைக்கே இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. அவர் அடையாளம் வைத்திருந்த பக்கம் எது என்று பிறகு நான் தேடிப் பார்த்தேன். புதுப் பணக்காரன் என்று எழுதிய இடம் அல்ல அது. அதற்கு நாற்பது பக்கம் தள்ளி, அந்தப் பாத்திரம் மாடி வீடு கட்டிக் குடிபோகிற கட்டத்தில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நாலுபேர் வாயில் அந்தக் குடைப் பழமொழியை நான் போட்டிருந்தேன். எழுதும்போது நல்ல இடம் என்று எனக்குத் திருப்திகூட இருந்தது.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் குடையை விரித்தார். இளவெயில். நான் குடையைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"எங்க பூட்டன் காலத்திலே இதைப் பிடிக்க விடமாட்டாங்களாம், தம்பி. எங்க அப்பா சாகது வரைக்கும் குடை இல்லாம வெளியே இறங்கினது கிடையாது. மழையோ வெயிலோ, கையிலே இருக்கணும். எனக்கும் அப்படியே பழகிப் போச்சு" என்றார். கோபமே இல்லை. "வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். திருப்பம் வரைக்கும் அந்தக் கறுப்புக் குடை தெரிந்துகொண்டிருந்தது.

எங்கள் நாட்டின் மிகப் பழைய செல்வன் ஒருவனைப் பற்றிப் புறநானூற்றில் படிக்கிறோம். நாஞ்சில் மலைக்கு உரிய வள்ளுவன். வீட்டுக் கொல்லையில் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டாள் ஔவை. அவன் ஒரு யானையைக் கொடுத்தான். இப்படியும் ஒரு கொடை உண்டா என்று ஔவையே திகைத்துப்போகிறாள். அவனிடம் எவ்வளவு இருந்தது என்று பாட்டு சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தான் என்று சொல்கிறது. அவனுக்குக் கிடைத்த பெயர் வள்ளல். அதே மண்ணில் 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவில் நிறையச் சம்பாதித்தார். 1957-ல் அவர் மறைந்தபோது ஊர் அவரைப் பணக்காரர் என்று நினைவுகூரவில்லை. கொடுத்தவர் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். பணக்காரனுக்கு உள்ள பெயர்களில் அவனாகச் சம்பாதிக்கக்கூடியது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் ஊர் பார்த்து வைப்பது.

நாவல் மறுபதிப்புக்கு வர பதினொரு வருஷம் ஆயிற்று. புரூப் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தை எடுத்தேன். பழமொழியை அடித்தேன். பிறகு 'புதுப் பணக்காரன்' என்பதற்கு வேறு வார்த்தை தேடினேன். செல்வந்தர் என்றால் மேடைப்பேச்சு. முதலாளி என்றால் சொல்கிறவன் யார் என்ற கேள்வி வரும். பணக்காரர் என்று ஒரு 'ர்' போட்டுப் பார்த்தேன். உபசாரம் செய்வதுபோல் இருந்தது. ஒவ்வொரு சொல்லிலும் யாருடைய வாடையோ அடித்தது. அரை நாள் அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆச்சிதான் கைகொடுத்தாள்.

இரண்டாம் பதிப்பில் அந்த இடம் இப்படி இருக்கிறது: 'அவருக்குச் சந்தையில் ஒரு கடை உண்டு, மாடி வைத்த வீடு ஒன்று உண்டு.'

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாராம். கல்லாவில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானாகவே புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பின்னால் சுவரில் ஒரு ஆணியில் அந்தக் கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது.